எண்பத்தொன்றாவது ஆள்

ஆர்டிஸ் செத்து அறுபத்தோராம் நாள், அவள் கட்சிக் கூட்டத்துக்கு நேரில் வந்து சேர்ந்ததாக எங்கள் டோல்வர் ஊர்ப் பதிவேட்டில் பச்சை மையில் ஒரு டிக் விழுந்தது. போட்டவள் வெல்டா. பாவம், அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் மேசையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் பேருக்கு நேரே டிக் போடுவது அவள் வேலை. ஒன்பது தேர்தலாகப் போடுகிறாள். ஸ்ட்ரூக் என்ற பேரில் ஊரில் இரண்டு பேர்தான். டெல்மர் ஸ்ட்ரூக் உள்ளே வந்தால், அரை அடி பின்னால் அவர் மனைவி ஆர்டிஸ் வருவாள். அந்த பிப்ரவரி மாலையிலும் டெல்மர் தொப்பியில் பனியோடு வந்து மேசைமுன் நின்றார்.

"வாங்க டெல்மர். ரோடு எப்பிடி இருக்கு?" என்றாள் வெல்டா.

"வழுக்குது," என்றார் டெல்மர்.

அவ்வளவுதான் பேச்சு. வெல்டாவின் கை தன் பழக்கத்தில் இரண்டு டிக்கைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. பின்னால் யாரும் இல்லை என்பதை அந்தக் கை கவனிக்கவில்லை.

அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் எப்படியோ, ஐயோவாவில் எங்களுக்கு வாய்த்தது இதுதான். ஜனாதிபதித் தேர்தலில் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்கு எங்களிடம் ஓட்டுச்சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. காக்கஸ் என்று ஒரு கூட்டம். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. உனக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நீ நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிட வேண்டும். அங்கே நின்றவர்கள் பெரிய மூலைகளில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அந்த அளவு சேர்ந்தால் அந்த மூலைக்குக் குறைந்தது ஒரு பிரதிநிதி. அவர் மாவட்டத்துக்குப் போவார், அங்கிருந்து ஒருவர் மாநிலத்துக்குப் போவார், அங்கிருந்து யாரோ எங்கோ போவார். கடைசியில் ஒரு ஜனாதிபதி வருவார். நடுவில் என்ன நடக்கிறது என்பது ஆண்டவனுக்கும் விதிப்புத்தகத்துக்கும்தான் வெளிச்சம்.

டெல்மருக்கு இதில் எந்த ஈடுபாடும் கிடையாது. தானியக் கிடங்கில் முப்பது வருஷம் லாரி எடை போட்டவர். ஒரு நாளைக்குப் பேசும் பேச்சு ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கும் சேர்த்து ஆர்டிஸ்தான் பேசினாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடி, அந்தக் கட்டடத்தில் பழைய சோபாக்களை வாடகைக்குப் பூட்டி வைக்க ஆரம்பித்த வருஷம் அவளுக்குப் புற்று வந்தது. மருந்து ஏற்றிக்கொள்ள அறுபத்து மூன்று மைல் போக வேண்டும், அறுபத்து மூன்று மைல் வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பி வர வேண்டும்.

அந்தக் கோடையில்தான் லோரெட்டா ஆம்ப்ரோஸ் என்ற ஒரு முன்னாள் நர்ஸ் வேட்பாளராக எங்கள் ஊருக்கு வந்தாள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளைத் திறக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை அவளிடம் இல்லை. கேட்க வந்தவர்கள் ஏழு பேரும் ஒரு நாயும். லோரெட்டா, ஆர்டிஸ் புளிப்புத் தண்டு போட்டுச் செய்த ருபார்ப் கேக்கை இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டு, "என் அம்மா கைப்பக்குவம்" என்றாள். ஆர்டிஸ் அன்றோடு அவளைச் சொந்தக்காரியாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். கட்டிலில் படுத்தபடி, தலையில் முடி இல்லாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊரில் ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு பேராகச் சேர்த்து ஒரு நோட்டில் எழுதினாள்.

"போன தடவை எண்பது பேர் வந்தாங்க, டெல். எண்பதுக்குப் பன்னெண்டு போதும். நான் பதிமூணு சேத்துட்டேன். ஒண்ணு உபரி. யாருக்காச்சும் சளி கிளி பிடிச்சுருச்சுன்னா?" என்று நவம்பரில் சொன்னாள்.

பதிமூன்றாவதாக எழுதியிருந்தது அவள் பேர்.

டிசம்பர் நாலாம் தேதி விடியற்காலையில் ஆம்புலன்ஸ் பக்கத்து மாவட்டத்திலிருந்து பனியில் உருண்டு வந்து சேர ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆனது. அதற்கு முந்தின நாள் அவள் டெல்மரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "என் மூலைல நீ நிக்கணும். பேச வேணாம். உனக்குப் பேச வராது, எனக்குத் தெரியும். நின்னாப் போதும்."

அதற்காகத்தான் வந்திருந்தார் மனிதர். வடகிழக்கு மூலையில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போய் நின்றார். ஆர்டிஸின் நோட்டில் இருந்த மற்றப் பதினோரு பேரும் சொல்லிவைத்தாற்போல் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கும் சளி பிடித்திருக்கவில்லை. அவர்களில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் டோர்லாதான் வாயாடி. "பன்னெண்டு பேர் இருக்கோம் டெல்மர். கணக்குப் போட்டுத்தான் செத்திருக்கா உங்க பொண்டாட்டி," என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். டெல்மர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மற்ற இரண்டு மூலைகள் பெரியவை. ஒன்று கவர்னர் ஒருவருடையது, மற்றது செனட்டர் ஒருவருடையது. கவர்னர் மூலைக்குத் தலைமை டெல்மரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த கெர்ட். மேசை நிறைய பிஸ்கட்டும் கேக்கும் அடுக்கி, மூலை மாறி வருகிறவர்களுக்காகக் காத்திருந்தான்.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். தலைவர் மர்னா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். நல்ல பெண், தேவாலயத்தில் பாடுகிறவள். அன்றைக்கு மட்டும் கழுத்தில் ஒரு நீல நாடாவும் அதில் தொங்கும் அட்டையுமாக இருந்தாள்.

"உலகத்துலயே சுத்தமான ஜனநாயகம் நம்மளோடது," என்றாள் மர்னா. "சீட்டப் பெட்டிக்குள்ள போட்டுட்டு ஓடிப்போற கோழைத்தனம் இங்க இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தப் பார்த்து நிக்கிறோம். இங்க யாரும் வெறும் எண் கிடையாது. ஒவ்வொருத்தரும் ஒரு மனுஷர். சரி, அந்த ஓரத்துலேர்ந்து எண்ணிச் சொல்லுங்க."

ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். முப்பத்துநாலு, முப்பத்துநாலு, பன்னிரண்டு. மொத்தம் எண்பது. பதிவேட்டில் எண்பத்தொன்று.

திரும்ப எண்ணினார்கள். எண்பது. எல்லாரையும் தாழ்வாரத்துக்கு அனுப்பி ஒரே கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே விட்டு எண்ணியதில் எழுபத்தொன்பதாகக் குறைந்தது. கழிப்பறையில் இருந்த செனட்டர் ஆள் ஒருவர் வெளியே வந்ததும் எண்பதாயிற்று. பாய்லர் அறையில் தேடினார்கள். பள்ளிக்கூட விளையாட்டு அணியின் சின்னமான பேட்ஜர் என்ற வளைக்கரடியின் பொம்மை உடை அலமாரியில் தொங்கியது. அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று அதையும் தட்டிப் பார்த்தார்கள். எண்பத்தொன்றாவது ஆள் அகப்படவில்லை. மர்னா மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், காத்திருக்கவும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு பேண்டு வாத்தியம் வாசிக்க ஆரம்பித்தது. போனின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துவிட்டு, பேர் வாசிக்கச் சொல்லி வெல்டாவைக் கூப்பிட்டாள்.

வெல்டா வாசித்துக்கொண்டே வந்தாள். அவரவர் "இருக்கேன்" என்றார்கள்.

"டெல்மர் ஸ்ட்ரூக்."

"இருக்கேன்."

"ஆர்டிஸ் ஸ்ட்ரூக்," என்று வாசித்துவிட்டாள்.

கூடத்தில் பேண்டு வாத்தியம் மட்டும் கேட்டது. வெல்டா பதிவேட்டைப் பார்த்தாள், டெல்மரைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, டெல்மர். சத்தியமா வேணும்னு பண்ணல. நீங்க ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்துதானே வருவீங்க. கை தானாப் போட்டுருச்சு."

"பரவால்ல," என்றார் டெல்மர். சும்மா சொல்லவில்லை. இரண்டு மாசமாக அவள் பேரை எல்லா இடத்திலும் அடித்துக்கொண்டே வந்திருந்தார்கள்: மருந்துக்கடையில், நூலகத்தில், பல் டாக்டர் வீட்டில். உலகத்தில் ஒரே ஒரு காகிதத்திலாவது அவள் இன்றைக்கு வந்திருக்கிறாள் என்று இருந்தது அவருக்குப் பிடித்திருந்தது.

"சரி, அந்த டிக்க அடிச்சுட்டு வேலையப் பாருங்க," என்றாள் டோர்லா.

அடித்துவிடலாமா? அப்படி அடிக்க முடிந்தால் அது எங்கள் கட்சியா? மர்னா விதிப்புத்தகத்தைப் பிரித்தாள். "பதிவானவங்க வந்தவங்களாவே கருதப்படுவாங்க," என்று படித்தாள். "ஆகையினால வந்தவங்க எண்பத்தொண்ணு. எண்பத்தொண்ணுல நூத்துக்குப் பதினஞ்சுன்னா பன்னெண்டுக்குக் கொஞ்சம் மேல வருது. பின்னம் வந்தா மேல ஏத்தணும். பதிமூணு. டெல்மர் மூலைல பன்னெண்டு பேர்தான். வருத்தமாத்தான் இருக்கு, ஆனா மூலை கலைஞ்சுருச்சு."

"வந்தவதான்னா அவளையும் சேத்து எண்ணு! பதிமூணு ஆச்சுல்ல?" என்றாள் டோர்லா.

"அது எப்பிடி? மூலைல நிக்கிறவங்களைத்தான் எண்ணலாம். அவங்க நிக்கலையே."

"அப்ப வரலைன்னு வை!"

"வந்துட்டாங்களே. டிக் இருக்கே."

தடையை உயர்த்துவதற்கு ஆர்டிஸ் வேண்டும், தாண்டுவதற்கு ஆர்டிஸ் கூடாது. செத்தும் அவளை வேலை வாங்கினார்கள்.

"மர்னா, அவ செத்துட்டான்னு உனக்குத் தெரியாதா? அடக்கத்தன்னிக்குப் பாட்டுப் பாடுனதே நீதானேடி!"

"வெறும் மர்னாவா இருக்கறப்ப எனக்கு நல்லாத் தெரியும், டோர்லா. ரெண்டாவது பாட்டுல எனக்குக் குரலே வரல. ஆனா இந்த அட்டை கழுத்துல தொங்குறப்ப நான் தலைவர். தலைவருக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரிஞ்சதெல்லாம் பதிவேடு ஒண்ணுதான்." இதைச் சொல்லும்போது அவள் கண் நிஜமாகவே கலங்கியது. கலங்கிய கண்ணோடு பக்கத்தைப் புரட்டினாள். "ஒரு வழி இருக்கு. இடையில வெளியேறுவோர் படிவம். நெருங்கின உறவினர் நிரப்பிக் குடுக்கணும். கூட்டத்து முன்னாடி வாயாலயும் சொல்லணும்."

"ஆட்சேபம்," என்று கவர்னர் மூலையிலிருந்து கை தூக்கினான் கெர்ட்.

அவன் கணக்கு அவனுக்கு. ஊருக்கு மொத்தம் ஆறு பிரதிநிதிகள். ஆர்டிஸின் மூலை கலைந்தால் பெரிய மூலைகளுக்கு மூன்று மூன்று. நிலைத்தால் ஒன்று இங்கே வரும். பெரிய மூலைகளில் யாருக்கு ஒன்று குறைவது என்பதைக் காசு சுண்டிப் பார்ப்பார்கள். ஆமாம், காசு சுண்டித்தான். உலகத்துக்கே தலைமை தாங்குகிறவரை இருபத்தைந்து சென்ட் நாணயத்தைச் சுண்டித் தேர்ந்தெடுக்கிறோம். அதற்கும் விதி இருக்கிறது.

"செத்ததுக்குச் சான்று வேணும்," என்றான் கெர்ட்.

"யோவ்! அவ சவப்பெட்டியத் தூக்குன ஆறு பேர்ல நீயும் ஒருத்தன்யா!" என்று கத்தினாள் டோர்லா.

"தூக்குனேன். இல்லைங்கல. வலது பக்கம், நடுவுல. ஆனா பெட்டிய மூடித்தானே குடுத்தாங்க? உள்ள யாருன்னு நான் எப்பிடிச் சத்தியம் பண்றது?" கெர்ட் இரண்டு எட்டு முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினான். "டெல், மனசுல வச்சுக்காதடா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, நம்ம வீட்டுல பன்னி வறுவல். இது வேற, அது வேற. இது கட்சி விஷயம்."

டெல்மர் அவனை மட்டும் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நமக்காவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

சான்று கேட்க விதி இல்லை என்று மர்னா தீர்ப்புச் சொன்னாள். அவளும் நியாயஸ்தியாகத்தான் இருந்தாள். ரோஸ் நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு டெல்மரிடம் வந்தாள்.

"எந்த வாசல் வழியா வெளிய போனாங்க?"

டெல்மர் யோசித்தார். "முன்வாசல்," என்றார். "ஸ்ட்ரெச்சர் பின்வாசல்ல திரும்பல."

"எத்தனை மணிக்கு?"

"காலைல நாலு இருபது."

"தேதிக்கு இங்க எடமில்ல, நேரம் மட்டும் போடறேன். நாலு இருபதுன்னா கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டாங்கன்னு வருது. பரவால்ல, ஓரத்துல குறிப்பு எழுதிக்கறேன். காரணம் என்ன? வேலை, குழந்தை, மோசமான வானிலை, இதர. இதுல ஒண்ணு சொல்லுங்க."

டெல்மர் அந்த நாலு கட்டங்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். லாரி எடையில் ஒரு பவுண்டு பிசகினாலும் திருப்பி அனுப்பியவர். பொய் எழுதிப் பழக்கமில்லை.

"மோசமான வானிலை," என்றார். "அன்னிக்குப் பனி மட்டும் பெய்யலன்னா ஆம்புலன்ஸ்காரங்க சீக்கிரம் வந்திருப்பாங்க."

மர்னா டிக் போட்டாள். "கடைசி ஒண்ணு. இத உறவினரே கைப்பட நிரப்பணும்."

'திரும்பி வருவாரா?' என்று கேட்டிருந்தது. பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். டெல்மர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேண்டு வாத்தியம் ஒரு சுற்று முடிந்து, அவர் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கியது. டோர்லா அவர் முதுகில் கை வைத்தாள். அவர் 'இல்லை'யில் கோடு போட்டார். கோடு கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மர்னா தாளை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

"இப்ப வாயால சொல்லணும். எல்லா மூலைக்கும் கேக்கணும்."

இதில்தான் மனிதர் திண்டாடிப்போனார். அறுபத்தொரு நாளாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவர் தலையை ஆட்டினார். வீட்டில் சாயந்திரம் காப்பி போட்டால் இரண்டாவது கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறவர் அவர். பேச வேணாம், நின்னாப் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவளுக்கு அவரைத் தெரியும். கட்சியைத்தான் தெரியவில்லை.

"ஆர்டிஸ் இங்க இல்ல," என்றார்.

"கேக்கல," என்றான் கெர்ட். அவன் காதில் மெஷின். இந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

"ஆர்டிஸ் போயிட்டா."

"போயிட்டான்னா? கழிப்பறைக்குப் போறதும் போறதுதான். விதிப்படி தெளிவாச் சொல்லணும்," என்றது செனட்டர் மூலை.

டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைக்க, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். "ஆர்டிஸ் செத்துட்டா! என் பொண்டாட்டி செத்துட்டா!"

உயரமான கூடம், சுவரில் மோதி அந்த வார்த்தை அவரிடமே திரும்பி வந்தது. எங்கேயோ ஒருவர் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். டெல்மர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். மூச்சு வாங்கியது. அழுதார் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

மர்னா சிவப்புப் பேனாவால், அளவுகோல் வைத்து, ஆர்டிஸின் பேரை நேராக அடித்தாள். "வந்தவங்க எண்பது. பன்னெண்டு போதும். வடகிழக்கு மூலை நிக்குது. பிரதிநிதி ஒண்ணு."

பதினோரு பேரும் ஹோவென்று கத்தி டெல்மரைக் கட்டிக்கொண்டார்கள். டோர்லா அவர் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் டெல்மருக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லிவிட்டேன் ஆர்டி, உன் ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். காசு சுண்டினார்கள். கெர்ட் பூ கேட்டான், தலை விழுந்தது. "மறுபடி சுண்டு, காசு என் ஷூவுல பட்டுருச்சு," என்று சண்டைக்கு நின்றான்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? அப்போதுதான் பேண்டு வாத்தியம் நின்று, போனில் ஓர் இளவட்டக் குரல் வந்தது. "மாநில அலுவலகம். காக்க வச்சதுக்கு மன்னிக்கணும். என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல, நாங்களே தீத்துட்டோம்," என்றாள் மர்னா பெருமையாக. "இங்க லோரெட்டா ஆம்ப்ரோஸுக்கு ஒரு பிரதிநிதி. குறிச்சுக்கோங்க."

"ஆம்ப்ரோஸா? அவங்க ஏழே முக்காலுக்கே போட்டியிலேர்ந்து விலகிட்டாங்களே. கிழக்கு மாவட்டங்கள்ல எண்ணிக்கை வந்ததுமே அறிவிச்சுட்டாங்க. உங்களுக்குச் சொல்லத்தான் ஒரு மணி நேரமாக் கூப்பிடறோம். உங்க லைன் கிடைக்கவே இல்ல."

"உங்ககூடத்தான் லைன்ல காத்துக்கிட்டிருந்தோம்!"

"அதான் கிடைக்கல. சரி, அந்தப் பன்னெண்டு பேரையும் வேற மூலைக்குப் போகச் சொல்லிடுங்க. யாரையும் விட்டுடாதீங்கம்மா. ஒவ்வொரு குரலும் எங்களுக்கு முக்கியம்." வைத்துவிட்டான்.

கெர்ட் கேக் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "வாங்கப்பா, வாங்க. நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்." எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். ஒருவர் போனார், பின்னாலேயே இன்னொருவர் போனார். யாரும் தலை நிமிர்ந்து போகவில்லை. டோர்லாதான் கடைசி. "வீட்டுல புள்ளைங்க தனியா இருக்கு, டெல்மர். மூலை மாறாம வெளிய விட மாட்டாங்களாம்," என்று சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு செனட்டர் பக்கம் போனாள்.

டெல்மர் மேசைக்கு வந்தார்.

"மர்னா, ஒரு உதவி."

"சொல்லுங்க டெல்மர். என்ன வேணாலும் கேளுங்க."

"பிரதிநிதிதான் இல்லைன்னு ஆயிருச்சுல்ல. இனிமே எண்பதுன்னாலும் எண்பத்தொண்ணுன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல." அவர் நீளமாகப் பேசிப் பழக்கமில்லாததால் நடுவில் நிறுத்தி எச்சில் விழுங்கினார். "அவ பேருல இருந்த டிக்க மறுபடி போட்டுர்றியா? முதல்ல இருந்த மாதிரியே. வந்தவளாவே இருக்கட்டும்."

மர்னா விதிப்புத்தகத்தைப் பிரித்தாள். பாவம், உண்மையாகவே தேடினாள். முன்னும் பின்னும் புரட்டினாள், பொருளடக்கத்தில் விரல் வைத்து இறங்கினாள். "அடிச்ச பேரைத் திரும்ப எழுத வழி இல்ல, டெல்மர்," என்றாள். "படிவத்துல திரும்பி வருவாராங்கறதுக்கு நீங்களே இல்லைன்னு போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துதான்."

டெல்மர் வடகிழக்கு மூலைக்கே திரும்பிப் போய் வளையத்துக்குக் கீழே நின்றார்.

கடைசி எண்ணிக்கை எடுத்தார்கள். எழுபத்தொன்பது. பதிவேட்டில் எண்பது. மர்னாவுக்கு வியர்த்துவிட்டது.

"டெல்மர், தயவு செஞ்சு ஏதாச்சும் ஒரு மூலைக்கு வாங்களேன். மூலை இல்லாம ஒரு ஆளை எழுத எனக்கு எடமில்ல."

"நிக்கச் சொல்லியிருக்கா," என்றார் டெல்மர். "நிக்கிறேன்."

"இன்னொரு படிவம் போடுங்க மேடம், நேரமாகுது," என்று செனட்டர் மூலையிலிருந்து யாரோ யோசனை சொன்னார்கள். அப்படித்தான் ஆயிற்று. மர்னா இன்னொரு ரோஸ் தாளை எடுத்து, இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்துப் பார்த்து, டெல்மர் ஸ்ட்ரூக் கூட்டத்தை விட்டு ஒன்பது பத்துக்கு வெளியேறினார் என்று எழுதினாள். காரணம், இதர. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. நெருங்கிய உறவினர் இல்லாதவர்கள் தாமே வாயால் சொல்லி எழுதவைக்கலாம் என்று விதி இருந்தது.

"டெல்மர், திரும்பி வருவாரான்னு கேக்குது."

டெல்மர் மூலையிலிருந்தே சொன்னார். "ஆர்டிஸுக்கு என்ன போட்டோமோ அதையே போடு."

மாநில அலுவலகத்துக்கு அன்றைக்குப் போன அறிக்கையில் டோல்வர் ஊர்க் கூட்டம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது, எண்ணிக்கை சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறது. தாள்களை அடுக்கியது வெல்டா. வெளியேறுவோர் படிவங்களை அகர வரிசையில் தனித்தனி உறையில் போட வேண்டும் என்பது முறை. அவள் அழுதுகொண்டே அடுக்கியதில் முறையைக் கவனிக்கவில்லை. ரோஸ் தாள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் ஒரே ஊக்கைக் குத்தி, ஒரே உறையில் போட்டு ஒட்டினாள். அப்படிச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை.